மாநாட்டு மலருக்கு ஒரு திருத்தம்

1

என் பெயர் அச்சில் வந்திருக்கும் முதல் புத்தகம் போன வாரம் தபாலில் வந்தது. அதில் என்னைப் பற்றி நாலு வரி இருக்கிறது. மூன்று வரி சரி. நாலாவது வரி பொய்.

கறம்பக்குடிப் பக்கத்தில் எங்கள் சரகத்துப் பள்ளிக்கூடங்கள் எல்லாம் சேர்ந்து நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாட்டின் மலர் அது. அந்த மாதிரி மாநாடுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஊர்க்காரர்கள் பள்ளிக்குக் கொடுத்த கரும்பலகை, மணி, பெஞ்சு, சுவர்க்கடிகாரம் எல்லாவற்றையும் பந்தலில் வரிசையாக வைத்திருப்பார்கள். தக்ளியில் நன்றாக நூல் நூற்ற பிள்ளை, ஒரு நாளும் விடாமல் வந்த பிள்ளை, கையெழுத்து அழகாக உள்ள பிள்ளை என்று பார்த்துப் பரிசு கொடுப்பார்கள். கடைசியில் ஒரு பள்ளிக்கு ஒரு ஆசிரியர் வீதம் மேடைக்கு அழைத்து மாலை போடுவார்கள். மாலை வாங்கியவர்களின் சேவையை மலரில் நாலு நாலு வரியாக அச்சடிப்பார்கள்.

எங்கள் ஊர்ப் பள்ளியின் பெயருக்குக் கீழே, 'இப்பள்ளியில் படித்து, இப்பள்ளியிலேயே ஆசிரியையாக இருந்து, இன்று கடல் கடந்து மலாயாவிலும் கல்விப்பணி ஆற்றிவரும் திருமதி தையல்நாயகி' என்று போட்டிருக்கிறார்கள்.

நான் இங்கே கல்விப்பணி எதுவும் ஆற்றவில்லை. ஈப்போவுக்குத் தெற்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் என் வீட்டுக்காரர் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா. விடியும் முன்னே பால்மரம் வெட்டப் போகிறவர்களுக்குத் தப்பு அடிக்கிற சத்தத்தில் எழுந்திருக்கிறேன். அவருக்கும் மூத்தவள் வசந்தாவுக்கும் சாப்பாடு கட்டுகிறேன். டவுன் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்து பஸ்ஸில் அவளை ஏற்றிவிட்டு, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி வருகிறேன். எட்டு வருடமாக இதுதான் என் பணி.

மலரை முதலில் பிரித்தது வசந்தாதான். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். 'ஆற்றிவரும்' என்பதைத் தாண்டுவதற்குள் பால் பொங்கி அடங்கிவிட்டது. ஆசிரியருக்கு மலாய்க்காரப் பிள்ளைகள் சொல்லும் 'சிக்கு' என்ற வார்த்தைதான் அவளுக்கு முதலில் வாயில் வரும்.

"அம்மா, நீ சிக்குவா?"

"ஊர்ல இருந்தப்ப டீச்சர். இங்க இல்ல."

"இதுல இங்கன்னு போட்டிருக்கே."

"தப்பாப் போட்டிருக்காங்க."

"நீ போட்டியா, அவங்க போட்டாங்களா?"

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே ஷூவை மாட்டினாள்.

"எங்க ஸ்கூல்ல தப்புன்னா, யாரு எழுதினதோ அவங்கதான் திருத்தணும்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். இந்தப் பத்திரிகை நம் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் வருகிறது என்பது எனக்குத் தெரியும்.

2

எல்லாம் ஒரு போட்டோவிலிருந்து வந்தது.

போன வருடம் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் கடைசி வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் தேறினார்கள். அதைக் கொண்டாட, தோட்டத்து மானேஜரான துரை, டவுனிலிருந்து போட்டோக்காரரை வரவழைத்தார். வசந்தா அப்போது அந்தப் பள்ளியில்தான் முதல் வகுப்பு. அவளுக்கு ரிப்பன் கட்டிவிடக் குழந்தையோடு போயிருந்தேன்.

ஐந்து நாற்காலி போட்டிருந்தார்கள். நடுவில் துரை. இரண்டு பக்கமும் இரண்டிரண்டு ஆசிரியர்கள். அதில் ஒரு ஆசிரியை பிரசவத்துக்குப் போயிருந்தார். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். உடனே வெளியே எடுத்தார்.

"பல்லு விழுந்தாப்புல இருக்கு சார். யாரையாச்சும் ஒக்கார வைங்க."

"நாற்காலிய எடுத்துரலாமே" என்றார் தோட்டத்துத் தலைமையாசிரியர்.

"எடுத்தா தொரை நடுவுல வரமாட்டாரு."

தலைமையாசிரியர் சுற்றிப் பார்த்தார். என் மேல் கண் விழுந்தது.

"கிராணியம்மா, நீங்க ஊர்ல டீச்சரா இருந்தவுகதானே? வாங்க, ஒரு நிமிசம்."

"நான் எப்படிங்க ஒக்கார்றது..."

"நாற்காலியா கேக்கப் போகுது? வாங்கம்மா, வெயில் ஏறுது."

குழந்தையைப் பக்கத்தில் நின்ற லெட்சுமியிடம் கொடுத்தேன். லெட்சுமி பால்மரம் வெட்டுகிறவள். குழந்தையோடு படத்துக்கு வெளியே நகர்ந்துகொண்டாள். மற்ற ஆசிரியர்கள் மடியில் ஏதாவது வைத்திருந்ததால் என் மடியிலும் ஒரு வருகைப் பதிவேட்டை வைத்தார்கள். அட்டையின் மேல் கையை வைத்ததும் முதுகு தானாக நிமிர்ந்தது. அந்த ஒரு நிமிடம் எனக்குப் பிடித்திருந்தது. அதை ஒளிக்க விரும்பவில்லை.

படம் வந்ததும் ஒரு பிரதியை ஊரில் இருக்கும் அப்பாவுக்கு அனுப்பினேன். பின்பக்கத்தில் 'தோட்டத்துத் தமிழ்ப் பள்ளி' என்று மட்டும் எழுதினேன். கடிதத்தில் குழந்தையின் காய்ச்சல், மழை, வசந்தாவின் பல் விழுந்தது எல்லாம் எழுதினேன். படத்தைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. பொய் எழுதவில்லையே என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

இன்னொரு நினைப்பும் இருந்தது. இங்கே ஆசிரியை வேலைக்கு நான் மனுப் போட்டிருந்தேன். ஈப்போ ஆபீசில் என் பயிற்சிச் சான்றிதழை வாங்கிப் பார்த்த குமாஸ்தா, பக்கத்தில் பாஸ்போர்ட்டை வைத்துப் பார்த்தார். பள்ளியில் சேர்க்கும்போது வயது பத்தவில்லை என்று வாத்தியார் போட்ட பிறந்த தேதி ஒன்று. கப்பல் ஏறும்போது அப்பா நினைவிலிருந்து சொன்ன தேதி ஒன்று. இரண்டுக்கும் பதினாலு மாத வித்தியாசம்.

"இதுல நீங்க எந்தம்மா?" என்று கேட்டார்.

"ரெண்டும் நான்தாங்க."

"ஒருத்தர்தான் வேலைக்கு மனுப் போட முடியும். ஊர்லேருந்து பிறப்புப் பதிவு வாங்கிட்டு வாங்க."

பிறப்புப் பதிவில் என் பெயரே இல்லை, 'பெண்' என்று மட்டும் இருக்கிறது என்று ஊரிலிருந்து பதில் வந்தது. மனு இன்னும் அங்கேதான் இருக்கிறது. இரண்டு மாதத்தில் வேலை கிடைத்துவிடும், அப்போது அந்தப் படம் உண்மையாகிவிடும் என்று அன்று கணக்குப் போட்டேன்.

3

அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. அம்மா போன பிறகு தனியாக இருக்கிறார். என் கடிதம் வந்தால் அதை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் போய் நிற்பார். மாரிக்கண்ணு டீச்சர்தான் வாசித்துச் சொல்வாள். அவர் சொல்லச் சொல்லப் பதிலும் அவள்தான் எழுதுவாள்.

நான் கல்யாணமாகி வேலையை விட்டபோது என் இடத்துக்கு வந்தவள் மாரிக்கண்ணு. பொறுப்பை ஒப்படைத்த அந்த ஒரு நாள்தான் அவளை நேரில் பார்த்திருக்கிறேன். சாவி, பதிவேடு, சாக்பீஸ் டப்பா எல்லாம் வாங்கிக்கொண்டு, வாசல் பக்கம் கையைக் காட்டினாள். அங்கே பத்து வயதுப் பெண் ஒருத்தி, இடுப்பில் தம்பியை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"அக்கா, கைப்பிள்ளையோட வார பொண்ணுகள என்ன செய்யணும்?"

"வீட்டுக்கு அனுப்பிரணும். பிள்ளை அழுதா வகுப்பு கெட்டுப்போகும்."

"அனுப்பிச்சா திரும்பி வருதுகளா?"

"அது நம்ம பொறுப்பு இல்ல மாரிக்கண்ணு. ரூல் அப்பிடி."

இரண்டு வருடம் நான் அப்படித்தான் செய்தேன். களையெடுப்பும் நடவும் வந்தால் தாய்மார்கள் வயலுக்குப் போவார்கள், மூத்த பெண் வீட்டில் பிள்ளை பார்ப்பாள். அவளுக்குப் படிப்பு வேண்டுமானால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும். நான் வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பினேன். எத்தனை பேரை அனுப்பினேன் என்று இப்போது எண்ணிப் பார்க்க முயல்கிறேன். முகங்கள் வருகின்றன, பெயர்கள் வரவில்லை.

மாரிக்கண்ணு வந்த இரண்டாம் மாதமே வகுப்பறை உத்தரத்தில் ஒரு பழைய புடவையால் தூளி கட்டினாள். பிறகு இன்னொன்று. பிள்ளை தூங்க, அக்காள்காரி கீழே உட்கார்ந்து எழுதுவாள். தூளியை ஆட்டுவது முறை வைத்து. கணக்குச் சொல்லத் தெரியாதவள் ஆட்ட வேண்டும் என்று ஏற்பாடு. ஆட்டிக்கொண்டே வாய்ப்பாடு சொல்ல வேண்டும். காலையில் கைமணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பெண்பிள்ளைகளை அழைத்துவருவதும் அவள்தான். இதையெல்லாம் அப்பா ஒரு கடிதத்தில் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். 'இப்ப பள்ளிக்கூடம் போற பக்கமெல்லாம் தாலாட்டும் வாய்ப்பாடும் சேந்து கேக்குது தாயி.'

அந்த வரியையும் எழுதியது அவள் கைதான்.

4

போட்டோவுக்கு அப்பாவின் பதில் வந்தது. அதை அப்படியே தருகிறேன்.

'தாயி, ஒன் படம் வந்துச்சு. நல்லா இருக்க. ஏன் ஒரு பக்கமாப் பாக்குற? வகுப்புப் பிள்ளைக யாரும் சேட்டை பண்ணுச்சா? நீ அங்கிட்டும் வாத்தியாரம்மாவா இருக்கேன்னு நம்ம பெரிய வாத்தியார் ஊரெல்லாம் சொல்லிப்புட்டாரு. மாநாட்டுல நம்ம பள்ளிக்கூடத்துக்கு ஒன் பேரத்தான் எழுதியிருக்காக. ஒனக்குப் பதிலா என்னைய மேடைக்கு வந்து மாலைய வாங்கிக்கிறச் சொல்லுறாக. மொதல்ல இந்தப் பொண்ணு மாரிக்கண்ணு பேரத்தான் எழுதி வச்சிருந்தாகளாம். ஒன் படத்தப் பாத்தப்பறம் மாத்தியாச்சு. வருத்தமான்னு கேட்டேன். இந்தா, எழுதிக்கிட்டே சிரிக்கிது.'

கீழே அவள் தனியாக ஒரு வரி எழுதியிருந்தாள். 'அக்கா, அப்பா சொன்னதை மாற்றாமல் எழுதியிருக்கிறேன். வாழ்த்துகள்.'

படத்தில் நான் பக்கவாட்டில் பார்ப்பது, லெட்சுமி கையில் என் குழந்தை அழ ஆரம்பித்ததால். அதை அப்பாவுக்கு யார் சொல்வது?

பெரிய வாத்தியார் என்று நாங்கள் சொல்வது எங்கள் தலைமையாசிரியரை. எனக்கு 'அ' போடக் கற்றுக்கொடுத்தவர். அவர் ஒரு படத்தைப் பார்த்து முடிவு செய்தது தப்பா என்றால், இல்லை. மடியில் பதிவேட்டோடு துரைக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவளை வேறு யார் என்று நினைப்பார்?

மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்த என் வீட்டுக்காரரிடம் கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டு மோர் கேட்டார்.

"விடு தையலு. ஊர்ல ஒங்கப்பாருக்கு ஒரு மாலை. அதுல யாருக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

"அது மாரிக்கண்ணுக்கு வர வேண்டிய மாலைங்க."

"அந்தப் பொண்ணுக்கு அடுத்த தடவ போடுறாக."

"அடுத்த தடவ எப்ப நடக்கும்னு யாருக்குத் தெரியும்?"

"சரி, எழுதிப் போடு. 'நான் வாத்தியாரம்மா இல்ல, சோறு பொங்குறவ'ன்னு எழுது. ஒங்கப்பாரு தலையில துண்டப் போட்டுக்கிட்டு வீட்டுக்குள்ளயே கெடப்பாரு. பரவாயில்லையா?"

நான் மோரை ஊற்றினேன். அவர் கோபமாகச் சொல்லவில்லை, நடக்கப் போவதைத்தான் சொன்னார். அவர் போன பிறகு எழுத உட்கார்ந்தேன். பெரிய வாத்தியாருக்கு என்று ஆரம்பித்தேன், 'பெருமதிப்பிற்குரிய ஐயா'வோடு நின்றுவிட்டது. மறுநாள் மறுபடியும் ஆரம்பித்துக் கிழித்தேன். மாநாட்டுக்கு நாள் நெருங்குகிறது, ஏர்மெயில் போக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். மூன்றாம் நாள் அப்பாவுக்கே எழுதினேன்.

நலம் விசாரித்த பிறகு, நடுவில் ஒரு பத்தியில், நான் இங்கே ஆசிரியை இல்லை, காலி நாற்காலியில் ஒரு நிமிடம் உட்கார்ந்தேன், அந்த மாலையை மாரிக்கண்ணு டீச்சருக்குப் போடச் சொல்லிப் பெரிய வாத்தியாரிடம் சொல்லுங்கள் என்று எழுதி ஒட்டித் தபாலில் போட்டேன். போட்டதும் பாரம் இறங்கியது போல் இருந்தது.

பாரம் எங்கே இறங்கியது என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

5

மலரோடு சேர்ந்து மாரிக்கண்ணுவின் கடிதமும் வந்தது. இந்த முறை அப்பா சொல்லி எழுதியது இல்லை, அவளே எழுதியது.

'அக்கா, உங்கள் கடிதம் மாநாட்டுக்கு நாலு நாள் முன்னாலேயே வந்துவிட்டது. அப்பா என் எதிரில் உட்கார்ந்திருந்தார். வேட்டி வெளுத்து வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் வாசித்துக்கொண்டே வந்தேன். அந்தப் பத்தி வந்ததும் கண் முந்தி ஓடிவிட்டது, வாய் நின்றுவிட்டது. மாலையை மாரிக்கண்ணுக்குப் போடுங்கள் என்று மாரிக்கண்ணே எப்படி அக்கா வாசிப்பது? நானே சேர்த்து வாசிக்கிறேன் என்று நினைக்கமாட்டாரா? நினைக்காவிட்டாலும் என்னால் முடியவில்லை. அதை விட்டுவிட்டு, வசந்தாவுக்கு முத்தம் என்ற வரிக்குப் போய்விட்டேன். மன்னிக்க வேண்டும்.'

மன்னிக்க வேண்டுமாம்.

இந்த இடத்தை நான் பல தடவை படித்தேன். பொய்க்கு இடம் கொடுத்தவள் நான். அதைத் திருத்தும் வேலையை, அதனால் இழந்தவளின் வாயில் கொண்டுபோய் வைத்தேன். யார் வாசிப்பார்கள் என்று தெரிந்தும் எழுதினேன். தெரிந்ததால்தான் அப்படி எழுதினேனோ என்றும் தோன்றுகிறது. நேர்மையாக நடந்தது போலவும் ஆயிற்று, எதுவும் மாறாமலும் ஆயிற்று.

மாநாட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தாள். அப்பா மேடையில் எப்படி நிற்பது என்று தெரியாமல் பள்ளிக்கூட டெபுடி இன்ஸ்பெக்டரையே பார்த்துக்கொண்டு நின்றாராம். மாலை விழுந்ததும், "எம் மக இங்கிட்டு இல்லீங்க, அதான் நான் வந்தேன்" என்று மன்னிப்புக் கேட்பது போலச் சொன்னாராம். பந்தலே சிரித்துக் கை தட்டியதாம். எங்கள் பள்ளிப் பெண் ஒருத்தி நூற்புக்கு முதல் பரிசு வாங்கியிருக்கிறாள். அவள் இடுப்பில் தம்பியோடு பள்ளிக்கு வந்து படித்தவள். மாரிக்கண்ணுக்கு அன்று குடிதண்ணீர்ப் பொறுப்பு.

கடைசியில் இப்படி இருந்தது. 'இன்ஸ்பெக்டர் பள்ளியைப் பார்க்க வருவார் என்று மாநாட்டுக்கு முதல் நாள் தூளிகளை அவிழ்த்துவிட்டோம். அவர் வரவில்லை. திரும்பக் கட்டலாமா என்று கேட்டேன். எழுத்தில் அனுமதி எதுவும் இல்லையே, யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று பெரிய வாத்தியார் யோசிக்கிறார். அவரைக் குறை சொல்லவில்லை அக்கா. மலரில் தூளியைப் பற்றி நாலு வரி எழுதித் தருவதாக முதலில் சொல்லியிருந்தார். அது வந்திருந்தால் கேட்பவர்களுக்குக் காட்டியிருக்கலாம். இந்த மாதம் மூன்று பெண்கள் நின்றுவிட்டார்கள்.'

குறைந்துபோனது ஒரு மாலை என்றுதான் நானும் என் வீட்டுக்காரரும் பேசிக்கொண்டிருந்தோம். உண்மையில் குறைந்துபோனது அந்த நாலு வரி. அந்த இடத்தில் என் பெயர் உட்கார்ந்திருக்கிறது. எட்டு வருடத்துக்கு முன்னால் வாசலில் நின்று திருப்பி அனுப்பினேன். இப்போது இவ்வளவு தூரத்திலிருந்தும் அதையே செய்திருக்கிறேன்.

6

இதை அச்சில் போட வேண்டுமா என்று இப்போதும் தயக்கமாக இருக்கிறது. பேனாவை மூன்று தடவை மூடி வைத்தேன். அப்பா தெருவில் நடக்கும்போது யாராவது ஏதாவது சொல்வார்கள். "மக வாத்தியாரம்மாவாம்ல?" என்று டீக்கடையில் கேட்பார்கள். நான் கடல் தாண்டி இருப்பவள், அந்தப் பேச்சு என் காதில் விழாது. அவர் காதில்தான் விழும். அப்பா, தப்பு என்னுடையது, நீங்கள் தெரியாமல் செய்தீர்கள் என்று ஊரறியச் சொல்வது ஒன்றுதான் என்னால் முடிந்தது.

மாநாட்டு மலர் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து எங்கள் பள்ளியின் பக்கத்தை எடுத்து என் பெயரை அடித்துவிடுங்கள். அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டியது இது:

'திருமதி மாரிக்கண்ணு. இரண்டு வகுப்பைச் சேர்த்து நடத்துபவர். காலைதோறும் தெருவில் மணியடித்துப் பெண்பிள்ளைகளை அழைத்து வருபவர். தம்பி தங்கையைப் பார்க்க வீட்டில் நின்றுவிட இருந்தவர்களுக்காக வகுப்பறையில் தூளி கட்டியவர். அப்படிப் படித்த மாணவி இம்மாநாட்டில் நூற்பில் முதற்பரிசு பெற்றார்.'

நாலு வரிக்குள் அடக்கிவிட்டேன். இதைப் படிக்கும் அதிகாரிகள் யாராவது இருந்தால், தூளிக்கு எழுத்தில் ஒரு அனுமதி கொடுங்கள் என்று ஒரு முன்னாள் ஆசிரியையாகக் கேட்டுக்கொள்கிறேன். முன்னாள் என்ற வார்த்தையைச் சரியாகவே போட்டிருக்கிறேன்.

பெரிய வாத்தியாருக்கு இந்தத் தடவை நேராகவே எழுதிவிட்டேன். 'பெருமதிப்பிற்குரிய ஐயா'வைத் தாண்டி இரண்டு பக்கம் போயிற்று. நடந்தது முழுவதையும் சொல்லி ஒரு உதவியும் கேட்டிருக்கிறேன். இந்தக் குறிப்பு வந்த அன்று அவரே என் அப்பாவின் வீட்டுக்குப் போக வேண்டும், அவர் வாயால் வாசிக்க வேண்டும் என்று.

மாரிக்கண்ணு டீச்சர், அப்பாவுக்கும் இந்தப் பத்திரிகையை அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் அவர் வழக்கம்போல உங்களிடம்தான் கொண்டுவருவார். வாங்காதீர்கள். பெரிய வாத்தியார் வரும்வரை பொறுத்திருங்கள். அவர் வாசிக்கட்டும். நீங்கள் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.